டிஸ்க்குக்கு வைத்த சந்தனம்

என் ஆசை மாப்ள சவுந்தரம்,

நல்லா இருக்கிறாயா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். பஞ்சவர்ணம் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சரி, அந்தக் கேள்வியை விடு. நாங்கள் இருக்கிறோம்.

வருகிற ஆவணியோடு நீ போய் ஒரு வருசம். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து உனக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். ஆரப்பாளையத்தில் நம் கடைக்கே வந்து, "லைட்டண்ணே, நீங்களும் ரெண்டு வார்த்தை எழுதணும்" என்றார்கள். எனக்கு எழுத்து ஏது? நான் சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டிதான் எழுதுகிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும் படித்தவள், என் பேச்சைத் திருத்தித் திருத்தி எழுதுகிறாள். திருத்த முடியாத இடத்தை அப்படியே விட்டுவிடுகிறாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாக எழுதியிருப்பார்கள். எனக்கு உன் மேல் பொறாமை. நீ இருந்தபோதும் இருந்தது. போன பிறகு குறையும் என்று பார்த்தேன், கூடித்தான் போயிருக்கிறது.

"அண்ணே, இதையும் எழுதணுமா?" என்கிறாள்.

"எழுதுத்தா. அவனுக்குத் தெரியாததா?"

உனக்கு ஞாபகம் இருக்கிறதா மாப்ள? மண்டப வாசலில் மேசை போட்டு, பன்னீர்ச் செம்பும் கல்கண்டுத் தட்டும் சந்தனக் கிண்ணமுமாகப் பிள்ளைகள் பட்டுப்பாவாடை கட்டி நிற்குமே. முதலில் உள்ளே போகிறவன் நீ. தோளில் கேமரா. "வீடியோ அண்ணன் வந்துட்டாரு" என்று ஒரு பிள்ளை ஓடி வந்து உன் நெற்றியில் சந்தனம் வைக்கும். நீயும் ஊர்ப் பெரியவர் மாதிரி தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுப்பாய். உனக்குப் பின்னால் நான். ஒரு கையில் ஹாலஜன் லைட்டு, இன்னொரு கையில் சுருட்டிய வயர், கக்கத்தில் பிளக்குப் பெட்டி. அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும், என் கையைப் பார்க்கும், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். உன்னோடு சுற்றிய இத்தனை வருசத்தில் ஒரு மண்டபத்தில்கூட என் நெற்றிக்குச் சந்தனம் வரவில்லை.

"லைட்டு சூட்டுல காஞ்சு கொட்டிரும்டா, உனக்கு எதுக்கு?" என்று ஒரு தடவை சமாதானம் சொன்னாய். கொட்டினால் கொட்டட்டுமே. வைத்தால்தானே கொட்டும்?

தாலியைத் தட்டில் வைத்து எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு வந்தாகிவிடும். கெட்டிமேளத்துக்குக் கை தூக்கப் போகிற நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் சத்தம் போடுவார். "இருங்கய்யா, இருங்க. வீடியோக்காரர் வந்துட்டாரா?" கல்யாணமே உனக்காக நிற்கும். லைட்டு வந்துவிட்டதா என்று எவனாவது கேட்டிருக்கிறானா? என்னிடம் பேசுகிற ஒரே ஆள் பெண்ணுக்கு அத்தையாகத்தான் இருக்கும். "யோவ் லைட்டு, அங்கிட்டுத் திருப்புய்யா. பொண்ணுக்கு பவுடர் உருகுது." நான் பிடித்திருந்த சாமானுக்கும் லைட்டுதான் பேர், எனக்கும் லைட்டுதான் பேர். நான் திருப்பாவிட்டால் உன் கேமராவுக்குள் என்ன விழுந்திருக்கும்? வெறும் இருட்டு.

எனக்கு எழுத்துத்தான் வராது. கண்ணில் பட்டது போகாது. எந்த மண்டபம், யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார், எந்தச் சித்தப்பா மோதிரம் போடுகிற நேரத்தில் பைய நழுவினார், எல்லாம் இன்றைக்கும் உள்ளே இருக்கிறது. அவனியாபுரத்துக் கல்யாணம் ஒன்றில், அப்பளம் வரவில்லை என்று பெண்ணின் பெரியப்பா பந்தியில் இருந்து எழுந்து போனாரே. அப்புறம் ஒரு நாள் அந்த வீட்டில் அதே பேச்சு வந்தபோது, "நான் எங்க கோவிச்சேன்? வயித்து வலி, எந்திரிச்சேன்" என்று சாதித்தார். பச்சைக் கரை வேட்டி, இடப் பக்கம் கடைசி ஆள், இலையை மூடினது தன் பக்கமாக இல்லை, மனம் நிறையாதவர் மூடுகிற மாதிரி எதிர்ப் பக்கமாக என்று நான் சொன்னேன். "லைட்டு பிடிச்சவனுக்கு என்னய்யா தெரியும்?" என்றார்கள். நீ டேப்பைத் தேடி எடுத்துப் போட்டுக் காட்டினாய். இலை எதிர்ப் பக்கமாகத்தான் மூடியிருந்தது. "வீடியோ அண்ணே சொன்னா சொன்னதுதான்" என்று உனக்குக் காப்பி கொடுத்தார்கள். நான் சொன்னதைத்தானே உன் டேப்பு சொன்னது?

"அவரு உங்களுக்காகத்தானேண்ணே அந்த டேப்பைத் தேடி எடுத்தாரு" என்கிறாள் பஞ்சவர்ணம். எழுதுகிற ஆள் குறுக்கே பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே.

சரி, சேதிக்கு வாரேன். உன் மகன் கார்த்தி கடையைக் காலி செய்துவிட்டு கே.கே. நகரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே போடப் போகிறான். சாமான் மாற்றும்போது உன் டேப்பு பீரோவைத் திறந்தால், உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. வாடிப்பட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் உன் சிநேகிதர் அள்ளிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகத் துடைத்து, ஓட்டி, தன்னுடைய டிஸ்க்குகளில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி, டேப்பு ஒரு ஓட்டத்துக்குத்தான் தாங்குச்சு. இனிமே ஓடாது" என்றார். "ஞாயித்துக்கெழம எனக்கு முகூர்த்தம் இருக்கு. அதுக்குள்ள உன் டிஸ்க்குல மாத்திக்கிட்டு என்னோடதைத் திருப்பிரு."

அதற்காகத்தான் கார்த்தி ஒரு பெரிய டிஸ்க் வாங்கி வந்தான். எட்டு டிபியாம். பார்த்தால் சின்னச் செங்கல் மாதிரி இருந்தது.

"மாமா, அப்பா எடுத்த அம்புட்டுக் கல்யாணமும் இதுக்குள்ள அடங்கிரும். நீங்க சாயங்காலம் வந்து யாரு யாருன்னு பேரு மட்டும் சொல்லுங்க, நான் டைப் பண்ணிக்கிறேன். அப்புறம் யாரு வந்து கேட்டாலும் டக்குன்னு எடுத்துரலாம்."

பார்த்தாயா கதையை? மாட்டைக் கறக்கிற மாதிரி என்னைக் கறந்து இதற்குள் ஊற்றப் போகிறார்கள். நாளைக்கு அந்தப் பெரியப்பா எந்தப் பக்கம் இலையை மூடினார் என்று இதைக் கேட்டுக்கொள்வார்கள். அப்புறம் நான் எதற்கு மாப்ள? அன்றைக்கு வரைக்கும் உன் ஒருத்தன் மேல்தான் பொறாமை. அன்றைக்கு அந்தச் செங்கல் மேலும் வந்துவிட்டது.

அதற்கு நடந்த மரியாதையைக் கேள். வியாழக்கிழமை, குருவாரம், நல்ல நாள் என்று உன் மருமகள் நந்தினி தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி அதன் மேல் டிஸ்க்கை வைத்தாள். சூடம் காட்டினாள். வண்டி வாங்கினால் வைக்கிறோம், மிக்ஸி வாங்கினால் வைக்கிறோம், இதற்கு என்ன குறை என்று சந்தனமும் குங்குமமும் வைத்தாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? மண்டபம் மண்டபமாக நின்று எனக்குக் கிடைக்காத சந்தனம், அட்டைப் பெட்டியில் இருந்து இறங்கின உடனே அதற்குக் கிடைத்துவிட்டது.

பொட்டு காய்வதற்குள் கார்த்தி அதை எடுத்தான். டிஸ்க்கைத் தலைகீழாகச் செருகி நிறுத்த ஒரு பெட்டி இருக்கிறது, டாக் என்கிறார்கள். அதில் அழுத்திச் செருகினான். கம்ப்யூட்டர் திரையில் ஏதோ எழுத்து வந்தது.

"என்னடா கேட்குது?"

"ஃபார்மட் பண்ணவான்னு கேட்குது மாமா. புது வீட்டுல குடி போறதுக்கு முன்னாடி ரூம் ரூமாத் தடுப்போம்ல, அது மாதிரி. தடுத்தாத்தான் சாமானை வைக்க முடியும்."

பச்சைக் கோடு ஒன்று பைய ஊர்ந்தது. பாதி வந்தது. நின்றது. அப்புறம் சிவப்பாக ஏதோ வந்தது. கார்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினான். ஊர்ந்தது, நின்றது. வயரை மாற்றினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான், வேறு துளையில் செருகினான். எதற்கும் அது மசியவில்லை. டிஸ்க் சூடாகிறது என்று என் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி நிறுத்தினான். எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது மாப்ள, உள்ளுக்குள்ளே ஒரு சந்தோசம். சந்தனம் வாங்கினாய் அல்லவா, இப்போது வேலையைக் காட்டு பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இதைச் சொன்னதும் பஞ்சவர்ணம் எழுதாமல் சிரிக்கிறாள். "அன்னைக்கே உங்க மூஞ்சில தெரிஞ்சுச்சுண்ணே" என்கிறாள்.

மறுநாள் ஜெபராஜ் சாரைக் கூப்பிட்டோம். அடுத்த தெருக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்தார், சட்டைப் பையில் இன்னும் சாக்பீஸ் தூசி. உட்கார்ந்த உடனே கார்த்தியைப் பரீட்சை எழுதாத பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"எம்பிஆர்ல போட்டியா?"

"அதுவாத்தான் கேட்டுச்சு சார், சரின்னுட்டேன்."

"அது கேட்டா சரின்னுருவியா? அது பழைய கணக்குப்பா, ரெண்டு டிபிக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது. ஜிபிடின்னு புதுக் கணக்கு இருக்கு, அதுக்கு மாத்தணும். இதுக்குப் போயா என்னைய டீ குடிக்க விடாம இழுத்தாந்த?"

மாற்றினார். காலை ஆட்டிக்கொண்டு நந்தினி கொடுத்த டீயைக் குடித்தார். பச்சைக் கோடு முந்தின நாளைவிடக் கொஞ்ச தூரம் போனது. சார் டம்ளரைக் கீழே வைப்பதற்கும் அது நிற்பதற்கும் சரியாக இருந்தது. தன் லேப்டாப்பை எடுத்து மாட்டிப் பார்த்தார். அதில் முதலில் டிஸ்க் இருப்பதாகவே காட்டவில்லை. அப்புறம் ஒரு தடவை இருக்கிறேன் என்னும், அடுத்த தடவை இல்லை என்னும்.

"டிஸ்க்குலதான் கோளாறு. கடையில குடுத்து மாத்திக்க" என்றார்.

கார்த்தி கடைக்குப் போன் போட்டான். மாற்றிக் கொடுப்பார்களாம், ஆனால் அனுப்பி வர அடுத்த வாரம் தாண்டிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வழியில்லை. இருக்கிற ஆளிடம் எல்லாம் கேட்டான், அம்புட்டுப் பெரிய டிஸ்க் காலியாக யாரிடமும் இல்லை, முகூர்த்த நேரம்.

போனை வைத்துவிட்டு அவன் சொன்னான். "விட்ருவோம் மாமா. எடிட் பண்ணதெல்லாம் நம்ம சின்ன டிஸ்க்குல பத்திரமா இருக்கு. கல்யாண வீட்டுக்காரங்க கேட்கிறதும் அதைத்தான். வெட்டாத டேப்பை வச்சு நாம என்ன பண்ணப் போறோம்? வாடிப்பட்டி அண்ணனை அழிச்சுக்கச் சொல்லிருவோம்."

நானும் தலையை ஆட்டினேன். ஆமா, எதற்கு? என்று சொல்லக்கூட வாயைத் திறந்துவிட்டேன்.

அடுப்படியில் இருந்து பஞ்சவர்ணம் வந்தாள், கையில் கரண்டியோடு.

"எடிட் பண்ணதுல உங்கப்பா பேச்சு எங்கடா இருக்கு?"

கார்த்தி திரும்பிப் பார்த்தான்.

"பூராத்துலயும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடி வச்சிருக்கீங்க. அவரு மூஞ்சி ஆல்பத்துல இருக்கு, செவத்துல இருக்கு. குரலு? பொண்ணு நிமிருத்தா, மாப்ள கொஞ்சம் சிரிங்க, ஒச்சு லைட்டைத் தூக்குடான்னு கத்துவாருல்ல, அது அம்புட்டும் வெட்டாததுலதான் இருக்கு. அதை அழிக்கச் சொல்லுவியா? சொல்லு, நானும் கேட்கிறேன்."

டிஸ்க்குக்குத் திருப்பின ஃபேன் மட்டும் ஓடியது. எனக்கு அதுவரைக்கும் இருந்த சந்தோசம் அப்படியே வடிந்துவிட்டது. உன் குரல் போனால் போகட்டும் என்று இருந்தவன் நான், உள்ளதைச் சொல்கிறேன். அந்தக் குரலுக்குள் என் பேர் இருக்கிறதே, அதை நினைக்கவில்லை.

என் மகள் முத்துமாரி கல்யாணம் உனக்கு மறந்திருக்காது. அன்றைக்கு லைட்டுக்குச் சொல்லி வைத்திருந்த ஆள் வரவில்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே லைட்டைத் தூக்கினேன். என் வீட்டுக்காரி மணவறையில் ஒத்தையாக நின்றாள். மகள் கல்யாணத்துக்கு அப்பன் வெளிச்சம் பிடிப்பதைவிட வேறென்ன சடங்கு என்று நான் இருந்துவிட்டேன். அது அன்றைக்குச் சரியாக இருந்தது. வீடியோ வந்த பிறகுதான் வினை. அதில் எல்லாரும் இருக்கிறார்கள், மண்டப வாசலில் படுத்திருந்த நாய்கூட இருக்கிறது. நான் ஒருத்தன் இல்லை.

சம்பந்தி வீட்டில் விருந்தாளி வந்தால் அந்த வீடியோவைப் போடுவார்கள். "பொண்ணோட அப்பா எங்க, காணோம்?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. பேரப்பிள்ளைகள்கூட, "தாத்தா, அன்னைக்கு நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். லைட்டு பிடித்தேன் என்றால் சிரிக்கிறார்கள். என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் அவள் சாட்சி. அவளுக்குப் பிறகு நீ சாட்சி. இப்போது? நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அந்தச் சத்தம் ஒன்றுதான், நான் என் மகள் கல்யாணத்துக்குப் போனேன் என்று சொல்லும். அதை ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டியில் ஒரு பித்தானை அமுக்கி அழித்துவிடப் போகிறார்கள்.

அந்த நேரத்தில் உன் மேல் வந்த பொறாமை இருக்கிறதே, அது மாதிரி என்றைக்கும் வந்ததில்லை. நான் இருந்தேன் என்பதற்கும் நீதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் செங்கலுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கெஞ்சவில்லை. நின்றேன், அம்புட்டுதான்.

கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று ஜெபராஜ் சார் டிஸ்க்கை டாக்கில் இருந்து உருவினார். சூடாக இருந்தது போல, ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றினார். மூக்கைச் சுளித்தார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது, கோயில் வாசம் அடிக்குது?"

திருப்பினார். கீழ் ஓரத்தில், செருகுகிற இடத்தில், மஞ்சளாக ஒரு கோடு காய்ந்து இறுகிக் கிடந்தது. நடுவில் கொஞ்சம் சிவப்பு.

"இதுக்குப் பொட்டு வச்சது யாரு?"

நந்தினி முந்தானையைத் திருகிக்கொண்டே முன்னால் வந்தாள். "நான்தான் சார். மேல பூரா எழுத்தா இருந்துச்சு. எழுத்து மேல வச்சா சரஸ்வதி மேலேயே பூசுற மாதிரில்ல? அதான் எழுத்தே இல்லாத எடமாப் பாத்து ஓரத்துல வச்சேன். தங்கப் பல்லு மாதிரி வரி வரியா அழகா இருந்துச்சு, அங்க."

"அதாம்மா அதோட வாயி. அது வழியாத்தான் சாப்பிடணும், பேசணும். அதுல போயி சந்தனத்தை அப்பிட்டியே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாங்களும் புதுசா வாங்கினா ஜெபம் பண்ணித்தான் எடுப்போம். சாமி உள்ள போகலாம்மா, சந்தனம் போகக் கூடாது."

நந்தினிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. பஞ்சவர்ணம் அவள் தோளில் கை வைத்து, "விடுத்தா. நானா இருந்தா சூடத்தையே அது மேலதான் ஏத்தியிருப்பேன்" என்றாள்.

சார் சட்டைப் பையில் இருந்து பிள்ளைகள் அழிக்கிற ரப்பரை எடுத்தார். அந்தத் தங்கப் பல்லை ஒவ்வொன்றாக, குழந்தைக்கு ஈறு தேய்க்கிற மாதிரி, பைய தேய்த்தார். டாக்கின் குழியிலும் சந்தனம் ஏறியிருந்தது. புது டூத்பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து அதையும் சுத்தம் செய்தார். காய விட்டார். செருகினார். பச்சைக் கோடு புறப்பட்டது. பாதி வந்ததும் நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது பாதியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது மாப்ள.

"முடிஞ்சுது. குடி ஏறலாம்" என்றார் சார்.

எனக்கு அப்போதும் புத்தி எங்கே போனது என்று நினைக்கிறாய்? என் நெற்றிக்கு வராத சந்தனம் அதன் வாயை அடைத்துவிட்டதே என்று சிரிப்பாக வந்தது. நந்தினி மிச்சச் சந்தனத்தைக் கொட்டக் கிண்ணத்தோடு போனாள். பஞ்சவர்ணம், "கொட்டாதத்தா. மாமாவுக்கு வையி" என்றாள். அவளிடம் நான் இதைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. நீ சொன்னாயா? கேட்டால் எழுதுகிற ஆள் பேசக் கூடாதே என்கிறாள். டிஸ்க்குக்கு வைத்து மீந்த சந்தனம்தான். இருந்தாலும் குளிக்கிற வரைக்கும் நான் அதைத் துடைக்கவில்லை.

ராத்திரி பூராவும் மாறி, சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் ஏறி முடிந்தது. "முதல்ல எதைப் போடட்டும்?" என்று கார்த்தி கேட்டான். "அண்ணன் வீட்டுக் கல்யாணத்தைப் போடு" என்றாள் பஞ்சவர்ணம்.

பாட்டு இல்லை. நாதஸ்வரம், பிள்ளைகள் சத்தம், ஃபேன் சத்தம். அப்புறம் திரைக்கு இந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அது நீ. உன் இருமலைக் கேட்டதும் பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒச்சு, இங்கிட்டு" என்றாய். வெளிச்சம் இங்கிட்டு வந்தது. "ஒச்சு, தூங்குறியாடா? தூக்கு." வெளிச்சம் மேலே போனது. நீ கூப்பிடுகிறாய், வெளிச்சம் வருகிறது. நான் வாயைத் திறக்கவே இல்லை, ஆனால் ஒரு தடவைகூட நான் வராமல் இல்லை.

என் வீட்டுக்காரி மணவறையில் நிற்கிறாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராக வெளிச்சத்தைப் பார்க்கிறாள். எடிட் பண்ணினதில் இந்த இடமே கிடையாது, கண்ணைச் சுருக்கினால் நன்றாக இராது என்று எடுத்திருப்பாய். "இந்தாங்க, அதை யாருகிட்டயாவது குடுத்துட்டு வாங்களேன்" என்கிறாள். உன் குரல் வருகிறது. "போடா ஒச்சு. போய் நில்லு. நான் லைட்டையும் சேத்துப் பிடிச்சுக்கிறேன்." வெளிச்சம் அசையவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். யாரைப் பார்க்கிறாள் மாப்ள? என்னைத்தானே? அந்த வெளிச்சத்துக்குள் நான்தானே இருக்கிறேன்?

தாலி ஏறியது. முத்துமாரி அழ ஆரம்பித்தாள். அப்போது நீ கத்தவில்லை. இவ்வளவு மெதுவாக நீ பேசி நான் கேட்டதில்லை. "ஒச்சு, பிள்ளை அழுகுதுடா. லைட்டை இறக்கு."

வெளிச்சம் அவள் முகத்தை விட்டு இறங்கியது. மாலைக்கு வந்தது, மடியில் இருந்த கைக்கு வந்தது. அங்கே நின்று நடுங்கியது.

"மாமா, லைட்டு ஆடுது" என்றான் கார்த்தி.

"வயரை யாரோ மிதிச்சுட்டாங்கடா" என்றேன்.

உன் கேமராவில் என் லைட்டு என்றைக்காவது ஆடியிருக்கிறதா? அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதன் மேல் பாட்டைப் போட்டு, பூக் கொட்டுகிற மாதிரி செய்து கொடுத்தாய். ஏன் அதை என்னிடம் சொல்லவே இல்லை? ஆடினது அசிங்கம் என்று வெட்டினாயா? இல்லை, ஊர் பார்க்கக் கூடாது என்று வெட்டினாயா?

பஞ்சவர்ணம் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்சம் பொறு.

மாப்ள, ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டி அண்ணனுக்கு அவருடைய டிஸ்க்குகள் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தத் துண்டை மட்டும் கார்த்தி முத்துமாரிக்குப் போனில் அனுப்பினான். அவள் போன் செய்து "அப்பா" என்றாள், அம்புட்டுதான். பேரப்பிள்ளைகள் இனிமேல் கேட்க மாட்டார்கள். நீ உன் வாயால் சொன்ன பிறகு அப்பீல் ஏது? பார், இதிலும் பேர் உனக்குத்தான். பொறாமை தீரும் என்று நினைக்காதே.

ஆனால் ஒன்று சத்தியம் செய்கிறேன். தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்து, நீ எடுத்த ஒவ்வொரு கல்யாணத்திலும் யார் யார் என்று பேர் சொல்லி முடிக்கிறேன். அந்தச் செங்கலுக்காக இல்லை, உன் பேருக்காக. லைட்டு ஏன் ஆடியது என்பதை மட்டும் அதற்குச் சொல்ல மாட்டேன். அதை உன்னிடம் நேரில் வந்து சொல்கிறேன். அன்றைக்கு நான் வெறுங்கையோடு வாரேன். வாசலில் யாராவது சந்தனக் கிண்ணத்தோடு நின்றால் முதலில் நெற்றியைக் காட்டப் போகிறவன் நான். லைட்டை நீ பிடி மாப்ள. தூங்காமல் பிடி.

இப்படிக்கு,
உன் பஞ்சவர்ணத்துக்குக் கூடப் பிறக்காத அண்ணன்,
அந்த வகையில் உனக்கு என்றைக்கும் மச்சான்,
லைட்டு ஒச்சு